கேள்வி கேட்பவர் யார்? பிரிட்டன் ஊடகவியல் ஆய்வும் முனைவர் பட்ட நல்கையும்

2009 ஏப்ரலில், ஈழப் போரின் இறுதி நாள்களில், லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் இரவுபகலாகத் திரண்டு நின்றனர். அங்கே 23 நாள் உண்ணாநோன்பு இருந்த தமிழர் ஒருவர் மறைவாக பர்கர் தின்றார் என்று அதே ஆண்டு அக்டோபரில் ‘டெய்லி மெயில்’, ‘தி சன்’ ஆகிய இரு நாளிதழ்களும் எழுதின. அவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2010இல் இரு நாளிதழ்களும் செய்தி பொய்யென ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்டு இழப்பீடு தந்தன. செய்தி பொய் என்பதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்துவிட்டது. அப்படியொரு செய்தி எப்படி அச்சேறியது, ஆங்கில வாசகர் அதை ஏன் எளிதில் நம்பினார், தமிழ் வீடுகளில் அது எந்த ஐயத்தையும் அவமானத்தையும் விதைத்தது, தமிழ் வானொலிகளும் இணையதளங்களும் அதை எவ்வாறு எதிர்கொண்டன என்ற கேள்விகள் நீதிமன்றத்திற்கு உரியவை அல்ல. அவை ஊடகவியல் ஆய்வுக்கு உரியவை. அந்த ஆய்வைச் செய்பவருக்கு லண்டன் செய்தியறையின் நடைமுறை தெரிய வேண்டும். தமிழ் படிக்கத் தெரிய வேண்டும். அஞ்சிக் கதவடைத்த வீடுகளுக்குள் நம்பிக்கையோடு அழைக்கப்பட வேண்டும். கூடவே, மூன்று நான்கு ஆண்டுகள் அவரது வீட்டு வாடகையை யாராவது கட்ட வேண்டும். இக்கட்டுரை அந்தக் கடைசித் தேவையைப் பற்றியது.

பிரிட்டனில் முனைவர் பட்ட ஆய்வுக்கான பொதுப்பணம் பெரும்பாலும் அரசின் ஆய்வு மன்றங்கள் வழியாக வருகிறது. கல்விக் கட்டணத்தைச் செலுத்தி, மாதாந்திர வாழ்க்கைப்படியும் தரும் இந்த நல்கைதான் ஓர் இளைஞரை வேறு வேலைக்கு ஓடாமல் ஆய்வில் நிறுத்துவது. 2019இல் ‘லீடிங் ரூட்ஸ்’ என்ற அமைப்பு ‘உடைந்த குழாய்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. முந்தைய மூன்று கல்வியாண்டுகளில் எல்லா ஆய்வு மன்றங்களும் சேர்ந்து வழங்கிய நல்கைகள் 19,868. அவற்றில் கறுப்பின, கறுப்புக் கலப்பின மாணவர்களுக்குச் சென்றவை 1.2 விழுக்காடு. அதிலும் கரீபியக் கறுப்பின மாணவர்கள் 30 பேர் மட்டுமே. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 2011 கணக்கெடுப்பிலேயே 3 விழுக்காட்டுக்கு மேல். இளையோரிடையேயும் இளநிலைப் பட்ட வகுப்புகளிலும் அவர்கள் பங்கு அதைவிடக் கூடுதல். ஆக, படிக்க வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வின் வாசலில்தான் காணாமல் போகிறார்கள். இந்த இடைவெளியை நலத்திட்டக் குறைபாடாக மட்டும் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. ஊடகவியலைப் பொறுத்தவரை அது ஆய்வுமுறையிலேயே உள்ள கோளாறு. சிறுபான்மை இன மாணவர்களுக்கெனத் தனியே ஒதுக்கும் நல்கை அந்தக் கோளாற்றைத் திருத்தும் கருவி. இதுவே என் வாதம்.

எல்லாத் துறைகளுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. ஒரு வேதிவினையின் வேகத்தை அளப்பவர் எந்த இனத்தவர் என்பது அந்த அளவை மாற்றாது. அங்கும் வாய்ப்புச் சமத்துவம் தேவைதான், ஆனால் அதற்கான நியாயம் நீதி சார்ந்தது. ஊடகவியலின் ஆய்வுப்பொருள் வேறு. யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் பேச்சு செய்தியாகிறது, யார் துயரம் புள்ளிவிவரமாகச் சுருங்குகிறது என்பவையே அதன் அடிப்படைக் கேள்விகள். ஆக்ஸ்ஃபோர்டின் ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டன் இதழாளர் சுமார் 700 பேரிடம் கேட்டறிந்ததை முன்வைத்தது. அவர்களில் கறுப்பினத்தவர் 0.2 விழுக்காடு, இஸ்லாமியர் 0.4 விழுக்காடு. செய்தியறையின் இந்தச் சாய்வை வெளியே நின்று அளந்து சொல்ல வேண்டிய இடம் பல்கலைக்கழகம். அங்கும் அதே சாய்வு இருந்தால் என்ன ஆகும்? எடைக்கல்லும் குறைவு, சரக்கும் குறைவு என்றால் தராசு நேராக நிற்கும்; பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. நிற்கும் இடத்தால் கேள்வி மாறும் துறையில், எல்லா ஆய்வாளரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பது மாதிரித் தேர்வில் நேர்ந்த பிழைக்குச் சமம். மாதிரிப் பிழையைத் திருத்தச் செலவிடும் பணத்தை எவரும் தானம் என்று அழைப்பதில்லை.

இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம். பிரிட்டனில் இத்துறை பிறந்த கதையே சான்று. 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் பர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கியபோது, பல்கலைக்கழகம் இடம் தந்ததே தவிர, பணத்திற்கு அவர் வெளியே போக வேண்டியிருந்தது. பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன் கொடுத்த நன்கொடையைக் கொண்டுதான் ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் அங்கே பணியமர்த்தப்பட்டார். ஹால் 1951இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு வந்தவர். ஹென்றி ஜேம்ஸ் நாவல்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிப் பாதியில் விட்டவர். அப்படிப்பட்டவர் 1973இல் எழுதிய, தொலைக்காட்சிச் செய்தியைக் குறியேற்றுவதும் குறிவிலக்குவதும் பற்றிய கட்டுரை, உலகெங்கும் ஊடகவியல் வகுப்புகளில் இன்றும் பாடம். அனுப்புபவர் நினைத்த பொருளைப் பெறுபவர் அப்படியே ஏற்க வேண்டியதில்லை, பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று சொன்ன கட்டுரை அது. பேரரசின் விளிம்பில் வளர்ந்து அதன் நடுவில் வந்து குடியேறிய ஒருவருக்கு இந்த உண்மை பிறரைவிட முன்னதாகப் புலப்பட்டதில் வியப்பில்லை. பிறப்பு மட்டுமே அந்தக் கோட்பாட்டைத் தந்துவிடவில்லை. ஆனால் ரோட்ஸ் உதவித்தொகையும் ஆலன் லேனின் நன்கொடையும் இல்லையென்றால் அந்தப் பார்வை கோட்பாடாகக் கனிய இடமே கிடைத்திராது.

அம்மையத்தின் இரண்டு நூல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். 1978இல் வெளியான ‘போலீசிங் தி கிரைசிஸ்’, 1972-73இல் தெருவழிப்பறி பற்றிப் பத்திரிகைகளில் எழுந்த பீதியை எடுத்துக்கொண்டு, ஒரு குற்றச்செய்தி எவ்வாறு கறுப்பின இளைஞர்கள் மீதான அச்சமாக உருமாறியது, அந்த அச்சம் எவ்வாறு அரசின் கெடுபிடிக்கு இசைவு தேடித்தந்தது என்று ஆராய்ந்தது. அதை எழுதிய ஐவரில் ஹால் தவிர மற்ற நால்வரும் வெள்ளையர். இதை மறைக்கக் கூடாது. வாதத்திற்கு இது வலுவே சேர்க்கிறது. சிறுபான்மையினரைப் பற்றிச் சிறுபான்மையினர் மட்டுமே எழுத முடியும் என்பதில்லை. வேறுவேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே மேசையில் அமரும்போது அங்கு எழும் கேள்விகள் மாறுகின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1982இல், ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ வந்தது. பால் கில்ராய், ஹேசல் கார்பி, பிரதிபா பர்மார், எரோல் லாரன்ஸ் முதலிய இளம் ஆய்வாளர்கள், பிரிட்டன் சமூக அறிவியலும் பெண்ணியமும் இனவெறியைக் கணக்கில் கொள்ளாததை அதில் கேள்விக்கு உட்படுத்தினர். தங்களை வளர்த்த அறிவு மரபையே அவர்கள் திருத்தினார்கள். கார்பியும் கில்ராயும் அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இத்துறையின் போக்கை மாற்றியவர்கள். முனைவர் பட்ட மாணவர்களை வெறும் எண்ணிக்கையாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்: ஒரு துறைக்குத் தன் குருட்டுப் புள்ளியைக் காட்டுபவர்கள் பெரும்பாலும் அதன் இளைய ஆய்வாளர்களே.

பர்மிங்ஹம் மையத்திலிருந்து வளர்ந்த துறை, 2001ஆம் ஆண்டின் ஆய்வுத் தர மதிப்பீட்டில் எதிர்பார்த்த நிலையை எட்டவில்லை என்ற காரணத்தோடு 2002இல் மூடப்பட்டது. உலகம் வந்து படித்த இடத்தை ஒரு மதிப்பெண் மூடியது. பல்கலைக்கழகத்திற்கு வெளியே நிகழ்ந்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அ. சிவானந்தன் 1958 இலங்கைக் கலவரத்திற்குப் பின் லண்டன் வந்து, 1964இல் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகரானார். 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் நடத்திய மாற்றத்திற்குப் பின் அதன் இயக்குநராகி, 1974 முதல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழை வழிநடத்தினார். அரசும் பத்திரிகைகளும் இனத்தைப் பேசும் விதத்தை அவர் அளவுக்குக் கூர்மையாகப் பிரித்துக் காட்டியவர்கள் குறைவு. ஹால் முனைவர் பட்டம் பெறவில்லை, சிவானந்தன் பல்கலைக்கழகப் பேராசிரியரே இல்லை. அப்படியிருக்க நல்கைக்காக இவ்வளவு மன்றாடுவது ஏன் என்று ஒருவர் கேட்கலாம். அன்று திறந்திருந்த பக்கவாசல்கள் இன்று இல்லை என்பதே பதில். இப்போது விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிக்கவே பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். பாடத்திட்டம் வகுப்பவர், இதழ்க் கட்டுரைகளை மதிப்பிடுபவர், அடுத்த தலைமுறை ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பவர் அனைவரும் அந்த வாசல் வழியாகவே வருகிறார்கள். 2020-21இல் பிரிட்டனின் ஏறத்தாழ 23,000 பேராசிரியர்களில் கறுப்பினத்தவர் சுமார் 160 பேர். ஆற்றின் தலைப்பில் தண்ணீர் இல்லாதபோது கடைமடையில் பயிரைத் தேடிப் பயனில்லை.

இப்போது பணம் ஓடும் வழியைப் பார்ப்போம். பிரிட்டனின் முதல் ஊடகவியல் பட்டப்படிப்பு 1975இல் தொடங்கியது மத்திய லண்டன் பாலிடெக்னிக்கில். இன்று அது வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம். தொடர்ந்து இத்துறை வேரூன்றியதும் பெரிதும் பாலிடெக்னிக்குகளில்தான். அவை 1992க்குப் பின் பல்கலைக்கழகங்கள் ஆயின. நகரங்களின் நடுவிலும் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளிலும் இருப்பதால், சிறுபான்மை இன மாணவர்கள், குறிப்பாகக் கறுப்பின மாணவர்கள், பெரும் எண்ணிக்கையில் சேர்வதும் இவற்றில்தான். ஆனால் ஆய்வு மன்றங்களின் முனைவர் பட்டப் பணம் நெடுங்காலம் பெரிதும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளுக்கு மொத்தமாகத் தரப்பட்டுவந்தது. ஆய்வு வருவாயும் பழம்பெருமையும் மிகுந்த பல்கலைக்கழகங்களே அக்கூட்டமைப்புகளில் பெரும்பங்கு வகித்தன. மாணவர் ஒரு கரையில், நல்கை மறுகரையில். இன்னொரு சிக்கலும் உண்டு. ஊடகவியலுக்கெனத் தனி ஆய்வு மன்றம் கிடையாது. திரைப்படம், ஒளிபரப்பு வரலாறு, பண்பாட்டுக் கோட்பாடு என்றால் கலை, மானுடப் பண்பியல் ஆய்வு மன்றம்; பார்வையாளர் கணக்கெடுப்பு, தகவல்தொடர்புக் கொள்கை என்றால் பொருளாதார, சமூக ஆய்வு மன்றம். இரண்டுக்கும் நடுவே விழும் ஆய்வுத் திட்டத்தை எந்த வாசலில், எந்தச் சொற்களில் எழுதிக் கொண்டுபோவது என்பது எழுதப்படாத அறிவு. அதை அறிந்த பேராசிரியரின் அருகில் இருப்பவருக்கு அது இயல்பாகக் கிடைக்கும். அருகில் இல்லாதவர் ஓராண்டை இழந்த பிறகே அறிவார்.

நல்கை கிடைக்காவிட்டால் கடன் இருக்கிறதே என்பார்கள். 2018இல் அரசு முனைவர் பட்டக் கடனை அறிமுகப்படுத்தியபோது அதன் உச்சவரம்பு 25,000 பவுண்டு. மூன்று ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 8,300 பவுண்டு சொச்சம். அதில் கல்விக் கட்டணம் மட்டும் 4,200 பவுண்டுக்கு மேல் போய்விடும். எஞ்சிய நாலாயிரத்தில் லண்டனில் ஓர் ஆண்டு வாழ வேண்டும். அதே ஆண்டு ஆய்வு மன்ற நல்கை பெற்றவருக்குக் கட்டணம் போக 14,777 பவுண்டு வாழ்க்கைப்படி. ஒரே ஆய்வுக்கூடத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் கடனில்லாமல் முடிக்கிறார்; மற்றவர் கடனோடும் அரைநேர வேலையோடும் முடிக்கிறார், அல்லது முடிக்காமலே போகிறார். வட்டிக்கடனை மார்க்கம் விலக்கியிருப்பதாகக் கருதும் இஸ்லாமிய மாணவருக்கு அந்தக் கதவும் அடைப்பு. வட்டியில்லா மாற்று நிதிக்கு 2017ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வழி வகுத்தது. ஆண்டுகள் பல கழிந்தும் அது மாணவர் கைக்கு வரவில்லை. பாகிஸ்தானிய, வங்கதேசக் குடும்பங்களின் பிள்ளைகளை இது தனியாகத் தாக்குகிறது. செய்தி ஊடகங்களில் இஸ்லாமியர் சித்திரிக்கப்படும் விதம் பற்றி இத்தனை பேசப்படும் நாட்டில், அதை ஆராயக்கூடிய ஓர் இஸ்லாமிய இளைஞருக்கு நல்கை ஒன்றே வழியாகவும், அந்த வழி மிகக் குறுகலாகவும் இருக்கிறது.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. நல்கை திறமைக்கு உரியது. இனம் பார்த்துக் கொடுத்தால் தரம் தாழும் என்பது அந்த மறுப்பு. திறமைக்கே நல்கை என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அந்தத் திறமை எதைக்கொண்டு அளக்கப்படுகிறது என்பதே கேள்வி. முதல் வகுப்பு, முதுகலைப் பட்டம், நெறியாளரின் பரிந்துரைக் கடிதம், மெருகேறிய ஆய்வு முன்மொழிவு ஆகியவையே அளவுகோல்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் உயர்வகுப்புப் பட்டம் பெறும் வெள்ளை மாணவருக்கும் கறுப்பின மாணவருக்கும் இடையிலான இடைவெளி 2010களின் பிற்பகுதியில் 20 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் இருந்தது. ஒரே நுழைவு மதிப்பெண்ணோடு வந்தவர்களிடையேயும் அது முற்றிலும் மறையவில்லை. அப்படியானால் அந்த வகுப்பு, மாணவரின் திறமையோடு நிறுவனத்தின் நடத்தையையும் சேர்த்தே அளக்கிறது. முதுகலைக்குப் பணம் வேண்டும். அரசின் முதுகலைக் கடன் 2016இல்தான் வந்தது. பரிந்துரைக் கடிதத்தின் எடை, எழுதியவரின் பெயரைப் பொறுத்தது. முன்மொழிவின் மெருகு, அதை எத்தனை பேர் படித்துத் திருத்தித் தந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த நான்கும் ஒருவரின் ஆய்வுத் திறனை ஓரளவே காட்டுகின்றன. அவர் வந்த வழியின் வசதியை மிகத் துல்லியமாகக் காட்டுகின்றன. மேட்டில் நிற்பவரையும் பள்ளத்தில் நிற்பவரையும் தலையளவை வைத்து ஒப்பிட்டு உயரம் சொல்வதைத் தரக்கட்டுப்பாடு என்று ஏற்க முடியாது. ஒதுக்கீட்டு நல்கை அளவுகோலைக் கைவிடவில்லை. நிற்கும் தரையைச் சமப்படுத்திவிட்டு அளக்கச் சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. தடையாக நிற்பது வர்க்கம்தான். ஏழை வெள்ளை மாணவரும் இதே பள்ளத்தில்தான் நிற்கிறார். ஆகவே வருமானத்தை வைத்து உதவுங்கள் என்கிறார்கள். வர்க்கத் தடை உண்மை. ஊடகத் தொழிலும் ஊடக ஆய்வும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளை வெளியே வைத்திருப்பதும் உண்மை. பாட்டாளிக் குடும்பத்திலிருந்து வந்த ஹோகார்ட் போன்றோரின் எழுத்தில்தான் இத்துறை கருக்கொண்டது என்பதையும் மறக்கலாகாது. ஆனால் வருமானம் ஒன்றை மட்டும் வைத்தால், வருமானத்தால் விளக்க முடியாத இடைவெளி அப்படியே எஞ்சும். நிக்கோலா ரோலக் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அன்று பிரிட்டனில் இருந்த 25 கறுப்பினப் பெண் பேராசிரியர்களில் 20 பேரைப் பேட்டி கண்டது. தொழில்வாழ்வின் உச்சியை எட்டிய அவர்களும் ஐயப்பார்வை, பதவி உயர்வில் தாமதம், தனிமை ஆகியவற்றை விவரித்தனர். அவர்களில் எவரையும் இனி வறுமை தடுக்கவில்லை. இரு தடைகள் இருக்கும் இடத்தில் இரண்டு சாவிகள் வேண்டும். குடும்ப வருமானத்தையும் இனப் பின்னணியையும் சேர்த்துப் பார்க்கும் திட்டங்களை வகுக்க முடியும். ஒரு தடையைக் காட்டி மற்றதை மறைப்பது இருவருக்கும் தீங்கு.

மூன்றாவது மறுப்பு சட்டம் சார்ந்தது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இன அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்கிறது. கூடவே, ஒரு பிரிவினர் பங்கேற்பு அளவுக்கு மீறிக் குறைந்திருந்தால் அதை ஈடுகட்ட, அளவான நேர்முக நடவடிக்கைக்கு 158ஆம் பிரிவில் இடம் தருகிறது. இந்த அடிப்படையில் நின்று 2021இல் உயர்கல்வி ஒழுங்காற்று அமைப்பும் ஆய்வு நிதி அமைப்பும் சேர்ந்து, முனைவர் பட்ட ஆய்வில் சிறுபான்மையினர் நுழைவை மேம்படுத்த 13 திட்டங்களுக்கு 80 இலட்சம் பவுண்டு ஒதுக்கின. ஸ்டூவர்ட் ஹால் பெயரிலான அறக்கட்டளையும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆய்வு உதவித்தொகைகள் வழங்கிவருகிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் திட்டம் என்பதற்குக் காலக்கெடு உண்டு; அறக்கட்டளையின் மனமும் மாறக்கூடும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் சிறுபான்மை அறிஞர்களை வளர்த்த ஃபோர்டு அறக்கட்டளை நல்கைகள் முடிவுக்கு வருவதாக 2022இல் அறிவிப்பு வந்தது. மறு ஆண்டே, 2023 ஜூனில், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடக்கியது. இந்தியாவில் சிறுபான்மை மதத்தவருக்கென 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய நல்கையை 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நிறுத்தியது. தனிக்கொடையாகத் தரப்படுவது தனிமுடிவால் பறிபோகும். ஆய்வு மன்றங்களின் வழக்கமான வரவு செலவுக்குள் ஓர் உறுப்பாக அமைந்த நல்கையே நிலைக்கும்.

நான்காவதாக ஒரு குரல் கேட்கிறது: முனைவர்கள் ஏற்கெனவே மிகுதி, விரிவுரையாளர் பணிகள் குறைவு; இந்நிலையில் மேலும் இளைஞர்களை அந்த வழியில் இழுப்பது அவர்களுக்கே கேடு. கலை, மானுடப் பண்பியல் ஆய்வு மன்றமும் ஆண்டுக்குச் சுமார் 425 ஆக இருந்த நல்கைகளை 2029-30க்குள் சுமார் 300 ஆகக் குறைப்பதாக 2023இல் அறிவித்தது. இந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் பந்தி சுருங்கும்போதுதான் யார் எழுப்பப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். போட்டி கூடக்கூட, தேர்வுக்குழுக்கள் துணிச்சலான தேர்வுகளைத் தவிர்த்து, பழகிய பல்கலைக்கழகம், பழகிய தலைப்பு, பழகிய பரிந்துரையாளர் என்று பாதுகாப்பான பக்கம் சாய்கின்றன. ஒதுக்கீட்டைத் தள்ளிப்போட இது காரணமாகாது. விரைவுபடுத்தவே இது காரணம். மேலும், ஊடகவியல் முனைவர்கள் எல்லோரும் பேராசிரியர் ஆவதில்லை. ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்புகள், பொதுத்துறை ஊடகங்கள், ஆவணக் காப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் அவர்கள் போகிறார்கள். வெறுப்புப் பேச்சு எது, பொய்ச்செய்தி எது, எந்தச் சமூகத்திற்கு எந்த மொழியில் செய்தி சேரவில்லை என்று முடிவெடுக்கும் இடங்கள் அவை.

பணம் கிடைத்தபின் காத்திருக்கும் கண்ணி ஒன்றும் உண்டு. சிறுபான்மை மாணவருக்கு நல்கை என்றதும், அவர் தன் இனத்தைப் பற்றியே ஆராய்வார் என்ற எதிர்பார்ப்பு அதனோடு ஒட்டிக்கொள்கிறது. சிலருக்கு அதுவே விருப்பம். அதற்குத் தடை கூடாது. ஆனால் ஒரு தமிழ்ப் பெண் விளையாட்டு ஒளிபரப்பின் பொருளாதாரத்தையும், ஒரு நைஜீரிய வம்சாவளி இளைஞர் ஸ்வீடன் திரைப்படத்தையும் ஆராயலாம் என்பதே சமத்துவம். இதன் எதிர்முனையை இந்தியாவில் கண்டோம். பட்டியல் சாதியினர் முதலியோர் வெளிநாட்டில் ஆய்வு செய்ய உதவும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் 2022ஆம் ஆண்டு விதிகள், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு உதவி இல்லை என்றன. சாதியை ஆராயக் கூடாது என்று பணத்தால் வாயடைப்பதும், இனத்தை மட்டுமே ஆராய வேண்டும் என்று பணத்தால் வழிமறிப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலும் கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் நல்கை கொடுப்பவர். ஒரு முனைவர் பட்ட ஆய்வின் உயிரே கேள்வியைத் தானே கண்டடைவதில் இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னணியைக் கணக்கில் கொள்ளலாம். தேர்ந்தெடுத்தபின் தலைப்பு அவர் கையில் இருக்க வேண்டும்.

புள்ளிவிவரங்களின் வகைபாடும் கவனத்திற்குரியது. கறுப்பினத்தவர், ஆசியர், பிற சிறுபான்மையினர் அனைவரையும் ‘பேம்’ என்ற ஒரே சுருக்கப்பெயரில் அடக்கும் வழக்கம் பிரிட்டனில் நெடுங்காலம் இருந்தது. அரசு அமைத்த ஆணையமே 2021இல் அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. பொதுச்சராசரி ஏறினால், அதற்குள் கரீபிய மாணவர்களின் முப்பது புலப்படாமல் போகும்; சீன, இந்திய மாணவர்களின் முன்னேற்றம் வங்கதேச மாணவர்களின் பின்தங்கலை மறைத்துவிடும். மக்கள்தொகைப் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் எனக் கட்டங்கள் உண்டு. இலங்கைத் தமிழருக்குத் தனிக்கட்டம் இல்லை. அவர்கள் ‘ஏனைய ஆசியர்’ என்பதில் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். 1997 முதல் லண்டனிலிருந்து தமிழில் ஒலிபரப்பிய ஐபிசி வானொலியும் அதன் பின் வந்த தொலைக்காட்சிகளும் இணைய ஊடகங்களும் புலம்பெயர்ந்தோரின் ஊடக வரலாற்றில் செழுமையான பக்கங்கள். அவற்றை ஆராயத் தகுதியுள்ள மாணவர்கள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்காணலில் நின்றார்கள், எத்தனை பேர் நல்கை பெற்றார்கள் என்பதை ‘ஏனைய’ என்ற சொல்லிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. எண்ணப்படாதவர்க்கு ஒதுக்கீடும் இல்லை, ஒதுக்கீடு தோற்றால் கேட்பாரும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டமைப்பிலும் குறிப்பிட்ட எண்ணிக்கை நல்கைகளைக் குறைந்த பங்கேற்புள்ள பிரிவினருக்கென ஒதுக்க வேண்டும். முன்னாள் பாலிடெக்னிக்குகள் அந்தக் கூட்டமைப்புகளில் விருந்தினராக இல்லாமல் பங்காளியாக இடம்பெற வேண்டும். நல்கை முதுகலை ஆண்டையும் சேர்த்து நான்கு ஆண்டுகளாக அமைய வேண்டும். குழாய் உடைந்திருப்பது பெரும்பாலும் அந்த முதல் ஆண்டில்தான். வேற்றுமொழி ஊடகங்களைப் படிக்கும் திறனை ஆய்வுத் தகுதியாக மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். தமிழோ சோமாலியோ உருதுவோ அறிந்திருப்பதைக் குடும்பச் செய்தியாக ஒதுக்கக் கூடாது. விண்ணப்பம், நேர்காணல், தேர்வு, நிறைவு என ஒவ்வொரு படியின் எண்ணிக்கையையும் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சியில்லை. பணத்தின் அளவைக்கூடப் பெரிதாக உயர்த்தச் சொல்லவில்லை. அது ஓடும் வாய்க்காலை வெட்டித் திருப்பச் சொல்கின்றன, அவ்வளவே.

நாடாளுமன்றச் சதுக்கத்துச் செய்திக்கு மீண்டும் வருவோம். அந்தப் பொய் வெளியானதற்கும் நீதிமன்றத்தில் அது திருத்தப்பட்டதற்கும் இடையே பல மாதங்கள். அந்த மாதங்களில் தன் சொந்தச் சமூகத்தின் ஐயத்திற்கும் ஆளாகி ஒரு மனிதர் வாழ்ந்தார். இழப்பீடு அவருக்கு உரிய நீதி. ஆனால் அடுத்த பொய்யைத் தடுப்பது இழப்பீட்டின் வேலையன்று. முந்தைய பொய் எப்படி வேலை செய்தது என்ற அறிவின் வேலை. அந்த அறிவுக்கு இரு மொழியும் தெரிந்த, இரு பக்கத்துக் கதவும் திறக்கும் ஓர் ஆய்வாளர் வேண்டும். 1964இல் அப்படியொருவரை அமர்த்த ஒரு பதிப்பாளரின் நன்கொடை தேவைப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வகை ஆய்வாளர் உருவாவது ஒரு நல்லவரின் மனத்தைச் சார்ந்தே இருக்குமானால், பிரிட்டன் ஊடகவியல் தன் பிறப்பிலிருந்தே பாடம் கற்கவில்லை என்று பொருள். கேள்வி கேட்பவர் யார் என்பதை நல்கைப் பட்டியல் முடிவு செய்கிறது. அந்தப் பட்டியலைத் திருத்துவதும் ஆய்வின் ஒரு பகுதியே.